உள்ளிருந்து கரைகிறதா, வெளியிலிருந்தா?

முன்பல்லில் ஈறை ஒட்டி இளஞ்சிவப்பாக ஒரு புள்ளி. வலி இல்லை, கூச்சம் இல்லை. இதைப் பார்த்ததும் 'வேர் உள்ளிருந்து கரைகிறது' (சொத்தை அல்ல, உடலின் செல்களே பல்லை அரிப்பது) என்று முடிவு கட்டி, அன்றே பல்லைத் திறந்துவிடும் மருத்துவர்கள் உண்டு. அவசரப்படக் கூடாத இடம் இது. ஈறுக்குக் கீழே வெளியிலிருந்து கரையத் தொடங்கிய பல்லும் அதே நிறத்தைத்தான் காட்டும்.

உள்கரைவுக்கு, பல்லின் நடுவே நரம்பும் ரத்தநாளமும் உள்ள உயிருள்ள பற்கூழிலிருந்துதான் ரத்தம் போகிறது. பற்கூழை எடுத்துவிட்டால் கரைவு நின்றுவிடும். அதனால் பற்கூழை எடுத்து வேர்க்கால்வாயை நிரப்பும் வேர் சிகிச்சையே இதற்கு முழு மருந்து. கரைந்த பள்ளத்தின் மூலைகளுக்கு, கால்வாயைச் சுரண்டும் மெல்லிய கம்பியான ஃபைல் எட்டாது என்பது மட்டுமே சிக்கல். கிருமிநாசினியான சோடியம் ஹைப்போகுளோரைட்டை அல்ட்ராசோனிக் அதிர்வு கொண்டு கலக்கிக் கழுவி, கால்சியம் ஹைட்ராக்சைடு வைத்து, அப்புறம் சூடாக்கி இளக்கிய கட்டாபெர்ச்சா என்ற ரப்பர் போன்ற பொருளால் நிரப்புவார்கள். வேர் ஓட்டையாகியிருந்தால் எம்டிஏ என்ற சிமென்ட்.

வெளிக்கரைவு வேறு கதை. இங்கே ரத்தம் வருவது பல்லைச் சுற்றியுள்ள திசுவிலிருந்து. பற்கூழ் பெரும்பாலும் கடைசிவரை உயிரோடுதான் இருக்கும். எனவே வேர் சிகிச்சை மட்டும் செய்தால், நல்ல பற்கூழ் போனதுதான் மிச்சம்; கரைவு தன் போக்கில் தொடரும். ஈறைத் திறந்து, உள்ளே வளர்ந்த திசுவைச் சுரண்டி, 90 சதவீத டிரைகுளோரோஅசிட்டிக் அமிலம் தடவி, பள்ளத்தை அடைக்க வேண்டும்.

சரி, எப்படிப் பிரித்தறிவது? முதலில் ப்ரோப், அதாவது பல்லைத் தொட்டுப் பார்க்கும் கூர்முனைக் கருவி. சொத்தை என்றால் முனை மெத்தென்று இறங்கும். வெளிக்கரைவில் குபுக்கென்று ரத்தம் வரும், ஆனால் பள்ளத்தின் விளிம்பு கெட்டியாக, கூராக உரசும். அடுத்தது எக்ஸ்ரே. உள்கரைவில் வேர்க்கால்வாயே ஓரிடத்தில் பலூன்போல் உப்பியிருக்கும். வெளிக்கரைவில் அந்த நிழலுக்குள்ளும் கால்வாயின் இரு கோடுகள் தொடர்ந்து ஓடும். சந்தேகம் இருந்தால் எக்ஸ்ரே குழாயைச் சற்றுப் பக்கவாட்டில் நகர்த்தி இன்னொரு படம் எடுக்கலாம். நிழல் கால்வாயை விட்டு விலகினால் வெளியிலிருந்து வந்தது, அங்கேயே ஒட்டி நின்றால் உள்ளேயிருந்து. கூடுதலாக ஒரே ஒரு படம்தான், அதைத் தவிர்க்க எனக்கு ஒரு நியாயமும் தெரியவில்லை.

வெளிக்கரைவு என்று தெரிந்த பிறகு சிபிசிடி என்ற முப்பரிமாண ஸ்கேன் எடுக்காமல் ஈறைத் திறப்பது எனக்கு உடன்பாடில்லை. வேரைச் சுற்றி வளைத்துப் போகும் பள்ளத்தைத் தட்டையான படம் முழுதாகக் காட்டாது. எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதில்தான் பல்லின் ஆயுளே இருக்கிறது. ஆஸ்திரேலியப் பல் மருத்துவர் ஹெதர்சே 1999-இல் இதைப் பரவிய அளவுக்கேற்ப நான்கு வகுப்பாகப் பிரித்து, தான் சிகிச்சை செய்த பற்களின் கணக்கையும் தந்தார். முதல் இரண்டு வகுப்பிலும் முழு வெற்றி. மூன்றாவதில் 77.8 சதவீதம். நான்காவதில் வெறும் 12.5. அந்த நான்காம் வகுப்புப் பல் வலியில்லாமல் நின்றுகொண்டிருந்தால், கைவைக்காமல் அவ்வப்போது படம் எடுத்துக் கண்காணிப்பதும் சிகிச்சைதான். அதை நோயாளியிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.