நாலு பலகை மடக்குக் கதவு: இரண்டு மழைக்காலம் பார்த்த பிறகு

கூடத்துக்கும் தோட்டத்துக்கும் நடுவில் இருந்த சுவரை இடித்துவிட்டு மடக்குக் கண்ணாடிக் கதவு போட்டு இரண்டு வருடம் நாலு மாதம் ஆகிறது. போட்ட வாரத்தில் எழுதியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நட்சத்திரம் போட்டிருப்பேன். முதல் பெருமழைக்கு மறுநாள் எழுதியிருந்தால் இங்கே அச்சிட முடியாத சில வார்த்தைகள் இருந்திருக்கும். ஆகவே இப்போது எழுதுவதுதான் சரி.

அளவு: அகலம் 3.6 மீட்டர், உயரம் 2.4 மீட்டர். அலுமினியச் சட்டம், ஒவ்வொரு பலகையும் 90 செ.மீ., இரண்டு அடுக்குக் கண்ணாடி. மூன்று பலகை ஒரு பக்கமாக மடங்கி ஒதுங்கும், நாலாவது சாதாரணக் கதவுபோல் தனியே திறக்கும். அந்த நாலாவதை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். துணி காயப்போடப் போகிறவர் ஒவ்வொரு தடவையும் மூன்று பலகையை மடக்கிக்கொண்டிருக்க மாட்டார். எங்கள் வீட்டில் பத்தில் ஒன்பது தடவை திறப்பது அதைத்தான்.

தள்ளுகதவு போதாதா என்று என் கணவர் கேட்டார். இரண்டு பலகைத் தள்ளுகதவில் என்ன செய்தாலும் பாதிதான் திறக்கும், மீதிப் பாதியில் கண்ணாடி நின்றுகொண்டே இருக்கும். மடக்கினால் ஓரத்தில் ஒரு முழம் போக முழுதும் வெட்டவெளி. முதல் நாள் அப்படித் திறந்து வைத்ததும் என் மாமியார் கைத்தடியோடு கூடத்தின் நடுவில் வந்து நின்று, "வீடே வாயைத் திறந்த மாதிரி இருக்கு" என்றார். பாராட்டா திட்டா என்று இன்றுவரை தெரியவில்லை.

கனத்தைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. கண்ணாடி ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்குச் சதுர மீட்டருக்கு 2.5 கிலோ. 6 மி.மீ. கண்ணாடி இரண்டு என்றால் சதுர மீட்டருக்கு 30 கிலோ. எங்கள் ஒரு பலகையில் கண்ணாடி மட்டுமே 50 கிலோ. இந்தப் பாரத்தை மேலே தொங்கவிடுகிறார்களா, கீழே சக்கரத்தில் உட்காரவைக்கிறார்களா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். மேலே தொங்குவது என்றால் மேல் உத்திரம் நூலளவு தொய்ந்தாலும் கதவு உரசும். பழைய சுவரை இடித்துப் போடுகிறவர்கள் கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடாமல் இதில் இறங்க வேண்டாம். நாங்கள் கூப்பிட்டோம், இந்த வேலையில் நாங்கள் செய்த ஒரே புத்திசாலித்தனம் அது.

இனி வாசலுக்கு வருகிறேன். என் புகாரெல்லாம் தரையோடு கிடக்கும் அந்த ஒரு கோட்டில்தான்.

கீழ்த் தண்டவாளம் வழக்கமாக மூன்று விரல் உயரத்துக்கு எழும்பி நிற்குமாம். மாமியார் கால் இடறும் என்பதால் தரையோடு தரையாக வேண்டும் என்று கேட்டோம். செய்தும் கொடுத்தார்கள். உள்ளே இருந்த அதே தளக்கல்லை வெளியேயும் கொண்டுபோய், ஒரே மட்டத்தில் பளபளவென்று போட்டுவிட்டுப் போனார்கள். படத்தில் பார்க்க அற்புதம். அன்றைக்குப் பூரித்துப்போய் நின்ற எனக்கு ஒரு கேள்வி தோன்றவில்லை: ஒரே மட்டம் என்றால் மழைத் தண்ணீருக்கு மட்டும் எது உள், எது வெளி என்று எப்படித் தெரியும்?

நடு இரவில் பெய்தது. காலையில் சோபாவுக்கு அடியில் செருப்பு மிதக்கிறது. ஃபோன் போட்டால், "மழை வந்தா கதவைச் சாத்திக்கணும் மேடம்" என்கிறார் கடைக்காரர். சாத்தித்தான் இருந்தது ஐயா!

இரண்டு நாள் தரையில் குப்புறப் படுத்து டார்ச் அடித்துப் பார்த்துக் கண்டுபிடித்தேன். தண்டவாளத்தின் வெளிமுகத்தில் சின்னச் சின்ன நீள்துளைகள் இருக்கின்றன. உள்ளே சேரும் தண்ணீர் வடிந்து வெளியேறும் வழி அதுதான். தளக்கல் பதித்தவர் இடுக்கை நிரப்புகிறேன் என்று ஒன்றுவிடாமல் அத்தனையையும் சிமெண்ட் பூசி அடைத்துவிட்டார். ஊக்கை வைத்துக் குத்திக் குத்தி எடுத்தேன். ஆறாவது துளையில் ஊக்கு முறிந்தது. துளை திறந்ததும் உள்ளே தேங்கியிருந்த தண்ணீர் ஒரு நூல்போல வெளியே ஓடியதைப் பார்த்தபோது வந்த நிம்மதி, கதவு வந்த அன்றைக்குக்கூட வரவில்லை.

அதுவும் முழுத் தீர்வு இல்லை. வெளித்தரையின் வாட்டம் வீட்டைப் பார்த்து இருந்தது. வேறொரு கொத்தனாரை வைத்து, வாசல் நெடுகிலும் ஒரு சாண் அகலத்துக்கு வாய்க்கால் வெட்டி, மேலே துளைத்தட்டு மூடி, மழைநீர்க் குழாயோடு இணைத்தோம். வெளியே மீட்டருக்கு ஒன்றரை செ.மீ. வாட்டம் தோட்டத்தை நோக்கி. பளபளக் கல்லையும் பெயர்த்துவிட்டுச் சொரசொரப்பானதைப் போட்டோம். வழுக்காத்தன்மைக்கு ஆர் 9 முதல் ஆர் 13 வரை தரம் பிரிக்கிறார்கள். வெளியே ஆர் 11 இருந்தால் ஈரத்திலும் கால் நிற்கிறது. அதே நிறத்தில் கிடைத்ததால் கண்ணுக்குத் தரை ஒன்றுதான், பாதத்துக்குத்தான் வேறு. இரண்டாவது மழைக்காலத்தில் ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. இதை முதலிலேயே செய்திருந்தால் பாதிச் செலவு.

மேற்குப் பார்த்த வாசல் என்பதால் மாலை நான்கு மணிக்குக் கதவு முரண்டு பிடிக்கும். அடர்நிறச் சட்டம் வெயிலில் சுடச்சுட அலுமினியம் நீளுகிறது. 40 டிகிரி கூடினால் எங்கள் அகலத்துக்கு மூன்று மில்லிமீட்டருக்கும் மேல். கதவுக்கு வெளியே இறக்கிக் கட்டிய கூரை சாய்வெயிலைத் தடுப்பதில்லை. வெளிப்பக்கம் ஒரு மூங்கில் திரை போட்டபின் கதவும் சரியானது, கூடமும் வேகாமல் இருக்கிறது.

இரவில் உள்ளே விளக்கைப் போட்டால் 3.6 மீட்டரும் கறுப்புக் கண்ணாடி. தோட்டம் காணாமல் போய், இரவு உடையில் நானே என்னைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். வெளியே மரத்தடியில் ஒரு சின்ன விளக்கு வைத்து, உள் வெளிச்சத்தைக் குறைத்ததும் தோட்டம் திரும்பி வந்தது. கடைக்காரர்கள் கண்டிப்பாகச் சொல்ல வேண்டிய விஷயம், யாரும் சொல்வதில்லை.

கொசு வலை தனிக் கணக்கு. அதில் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோ அமெரிக்காவில் கட்டி 1951ல் முடிந்த ஃபார்ன்ஸ்வொர்த் வீடு, கண்ணாடி வீடு என்றால் முதலில் காட்டப்படுவது. ஆற்றங்கரை என்பதால் தரையை ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவாகத் தூக்கித்தான் கட்டினார். அந்த வீட்டுத் தாழ்வாரத்துக்கே கொசுவுக்குப் பயந்து வலை அடிக்க வேண்டியிருந்தது; 1954ல் வெள்ளமும் உள்ளே வந்துவிட்டது. அதைப் படித்த அன்று என் சோபாவுக்காக நான் அழுததெல்லாம் கொஞ்சம் ஆறியது. எங்களுடையது மடிப்பு மடிப்பாகச் சுருங்கி ஓரத்துக்குள் போகும் வலை. நன்றாக உழைக்கிறது. பேரன் ஒருமுறை அதற்குள் ஓடிப் பாய்ந்ததில் நூல் அறுந்தது, மாற்றிக்கொடுத்தார்கள்.

ஒரு குருவி மோதி விழுந்த பிறகு கண்ணாடியின் வெளிமுகத்தில் ஐந்து செ.மீ. இடைவெளியில் வெள்ளைப் புள்ளிகள் ஒட்டியிருக்கிறேன். அழகு கொஞ்சம் குறைவுதான். குருவி அதன்பின் விழவில்லை.

சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். இத்தனை செலவில் நாங்கள் அதிகம் பயன்படுத்துவது கதவை அல்ல, அதற்கு வெளியே கூரை இறக்கிய ஆறடி அகல இடத்தை. ஜப்பானிய வீடுகளில் எங்காவா என்று அறைக்கும் தோட்டத்துக்கும் நடுவே இறவாரத்தின் கீழ் ஒரு மரத்தள ஓரம் உண்டு, நமக்குத் திண்ணை. மாமியாரின் நாற்காலி அங்கேதான். கதவு திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் காலைப் பேப்பர் அங்கேதான். பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் கதவைச் சின்னதாக்கிக் கூரையை அகலமாக்குங்கள்.

கதவுக்கு நாலு நட்சத்திரம். பொருத்திக் கொடுத்ததற்கு ஒன்று, அதுவும் பொறியாளர் முகத்துக்காக. மூன்றாவது பலகையின் ரப்பர் அடியில் கழன்று தொங்குகிறது. பொருத்தியவர் வருகிறேன் என்று சொல்லிப் பதினோரு நாள் ஆகிறது. தண்டவாளத்தைச் சுத்தம் செய்யப் பழைய பல்துலக்கி ஒன்று வாசலோரம் ஆணியில் தொங்குகிறது. கதவோடு அதையும் சேர்த்தே கொடுத்திருக்கலாம்.