சலூனுக்கு ஒரு மிட்டாய் மெஷின்: மூன்றைப் பார்த்தாகிவிட்டது

கன்னியாகுமரி மாவட்டம் திங்கள்நகரில் எனக்கு இரண்டு நாற்காலி போட்ட சலூன். ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்களில் பாதிப் பேர் பிள்ளைகள். கத்திரியைப் பார்த்ததும் அழும் பிள்ளையை அப்பாவும் நானும் சேர்ந்து பிடித்து முடிவெட்டுவது எனக்கு எப்போதுமே மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். காசு போட்டுத் திருகினால் பபிள்கம் உருண்டை விழும் மெஷினை திருவனந்தபுரத்தில் ஒரு மாலில் பார்த்தேன். அழுதுகொண்டிருந்த ஒரு குழந்தை அதன் முன்னால் நின்றதும் வாயை மூடிக்கொண்டது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

மூன்று வருஷத்தில் மூன்று மெஷின் கடைக்குள் வந்தது. இப்போது நிற்பது மூன்றாவது. பேக்கரி, பேன்சி ஸ்டோர், ஸ்டுடியோ என்று சின்னக் கடை வைத்திருப்பவர்கள் யாராவது இதை வாங்க நினைத்தால், நான் பட்டதைத் தெரிந்துகொண்டு வாங்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலாவது ஆன்லைனில் வாங்கியது. பார்க்க அவ்வளவு அழகு. சிவப்புப் பிளாஸ்டிக் உடம்பு, மேலே பிளாஸ்டிக் குடம், விலையும் குறைவு. 5 ரூபாய் நாணயத்துக்கு என்று எழுதியிருந்தது. ஒரு வாரம் கழித்துப் பெட்டியைத் திறந்தால் பழைய ஒரு ரூபாயும் 2 ரூபாயும் கலந்து கிடக்கின்றன. பிள்ளைகள் ஏமாற்றவில்லை. கையில் இருந்ததைப் போட்டார்கள், மெஷின் வாங்கிக்கொண்டது.

ஏன் என்று கைப்பிடியைக் கழற்றிப் பார்த்தேன். நாணயம் உட்காரும் பள்ளம் ஒரு வட்டத் தகட்டில் இருக்கிறது. பள்ளம் காலியாக இருந்தால் ஒரு சின்னக் கொக்கி அதில் விழுந்து திருகை நிறுத்திவிடும். நாணயம் பள்ளத்தை அடைத்துக்கொண்டால் கொக்கி அதன் மேல் வழுக்கிப் போகும், திருகு சுற்றும். அவ்வளவுதான். அதற்குத் தெரிந்தது நாணயத்தின் அகலமும் தடிமனும் மட்டும். 2019க்குப் பிறகு வந்த 5 ரூபாய் 25 மி.மீ. 2011இல் வந்த 2 ரூபாயும் 25 மி.மீ. தொண்ணூறுகளில் வந்த பெரிய ஒரு ரூபாயும் அதே 25தான். 2019க்கு முந்தைய 5 ரூபாய் 23 மி.மீ. இருப்பதால் பள்ளத்தில் லொடலொடவென்று ஆடி, பாதித் திருகில் சிக்கிக்கொள்ளும். "மாமா, முட்டாயி வரேல்ல" என்று பிள்ளை என் முகத்தைப் பார்க்கும். சாவி போட்டுத் திறந்து நான் கையால் எடுத்துக் கொடுப்பேன். ஒரு நாளைக்கு நாலு தடவை இப்படி என்றால் நாற்காலியில் இருப்பவர் என்ன நினைப்பார்?

அந்தப் பிளாஸ்டிக் குடத்தில் இன்னொரு தொல்லை. உலர்ந்த துணியால் துடைத்தால் போதும், வெட்டிய முடித் துணுக்கெல்லாம் பறந்து வந்து அதில் ஒட்டிக்கொள்ளும். மிட்டாய் குடத்துக்குள்ளே பத்திரமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் வெளியே முடி ஒட்டிய குடத்தைப் பார்த்துவிட்டு எந்தத் தாய் பிள்ளைக்கு வாங்கிக் கொடுப்பாள்? ஈரத்துணியால் துடைத்தால் கொஞ்சம் பரவாயில்லை.

இரண்டாவது மெஷினை ஷார்ஜாவில் கடை வைத்திருந்த என் மச்சான் கடையை மூடிவிட்டு வரும்போது கொண்டு வந்தார். நல்ல வார்ப்பிரும்பு, கல்லு மாதிரி உறுதி. ஆனால் அது ஒரு திர்ஹாம் நாணயத்துக்குச் செய்தது, அதாவது 24 மி.மீ. நம்முடைய 25 நுழையவே நுழையாது, 23 போட்டால் ஆடும். கைப்பிடியை மட்டும் மாற்றலாம் என்றால் அதற்கு ஏற்ற பாகம் இங்கே கிடைக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டு வந்து தருகிறேன் என்றால் முதலில் நாணய அளவைக் கேளுங்கள். அமெரிக்க மெஷினும் அப்படித்தான். அங்கே வழக்கமான 25 சென்ட் நாணயம் 24.26 மி.மீ.

இப்போது நிற்பது கோயம்புத்தூரில் செய்தது. ஒரே கம்பத்தில் இரண்டு தலை, கண்ணாடிக் குடம், இரும்பு அடித்தட்டு. 10 ரூபாய் நாணயத்துக்கு. விலை 9,500, பார்சல் கூலி தனி. 10 ரூபாய் என்று கேட்டு வாங்கியது நான் செய்த நல்ல காரியம். 27 மி.மீ. அகலத்தில் இன்று புழக்கத்தில் அதிகம் இருப்பது அதுதான். 2007இல் வந்த 2 ரூபாயும் அதே அகலம், ஆனால் மெல்லிசு. மாதத்துக்கு இரண்டோ மூன்றோதான் பெட்டியில் விழுகிறது. 20 ரூபாயும் 27தான், அதைத் தெரியாமல் போட்டவர்களுக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.

10 ரூபாய் நாணயத்தை இங்கே பல கடைகளில் வாங்க மாட்டார்கள். 14 வடிவமும் செல்லும் என்று 2018இலேயே ரிசர்வ் வங்கி சொல்லியும் அந்தப் பயம் முழுதாகப் போகவில்லை. அதனால் எனக்கு நாணயம் தாராளமாகக் கிடைக்கிறது. யார் கொடுத்தாலும் வாங்கிக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் போட்டு வைப்பேன். இப்போது எல்லாரும் போனில்தான் பணம் அனுப்புகிறார்கள், கையில் சில்லறை இருப்பதில்லை. கிண்ணம் இல்லாவிட்டால் மெஷின் சும்மா நிற்கும்.

இடது தலையில் 16 மி.மீ. பபிள்கம். குடத்துக்கு அடியில் சுற்றும் சக்கரத்தின் குழி ஒன்றில் மூன்று உருண்டை பிடிக்கும், மேலே ஒரு பிரஷ் கூடுதலாக விழுவதைத் தடுக்கும். அண்ணன், தம்பி, தங்கச்சி பங்கு வைக்க மூன்று சரியாக இருக்கிறது. மொத்தமாக வாங்கினால் உருண்டை ஒன்று ஒரு ரூபாய்க்குள் அடங்கிவிடும். வலது தலையில் குழியின் அளவைக் கூட்டிக் குறைக்கலாம். அதில் சீரக மிட்டாய் போட்டேன். திருகினால் உள்ளங்கை நிறையச் சரசரவென்று விழும். ஷேவ் பண்ண வருகிற பெரியவர்கள்கூட ஒரு காசு போட்டு வாங்கி மென்றுகொண்டே போவதைப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. சர்க்கரைத் தூள் சக்கரத்துக்கு அடியில் சேரும். பத்து நாளைக்கு ஒருமுறை கழற்றித் தட்டித் துடைக்க வேண்டும்.

உப்புக்கடலை போட்டுப் பார்த்து விட்டுவிட்டேன். எண்ணெயும் உப்பும் பிரஷில் பிசுபிசுவென்று பிடித்து, இரண்டு வாரத்தில் காறல் வாடை வந்தது. சாக்லேட்டை நினைக்கவே வேண்டாம், சித்திரை வெயிலில் உருகி சக்கரத்தையே பிடித்துவிடும்.

நம் மாவட்டத்தில் பெரிய எதிரி ஈரக்காற்று. ஆனி, ஆடியில் ஒரு மழை, ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு மழை, கடலோ கூப்பிடு தூரம். முதல் மழைக்காலத்தில் குடம் நிறைய பபிள்கம் நிரப்பி வைத்திருந்தேன். ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி, மேல் பூச்சின் சாயம் ஒரு குட்டியின் உள்ளங்கை முழுக்க நீலமாக இறங்கிவிட்டது. அதிலிருந்து மழைக்காலத்தில் குடத்தில் கால் பாகம்தான். மண்டைக்காடு அம்மன் கோயில் கொடை விழா நடக்கும் மாசியில் மட்டும் நிறைய நிரப்புவேன், இரண்டே நாளில் காலியாகிவிடும். வாங்கும்போது குடத்தின் மூடி அழுத்தமாக உட்காருகிறதா, மிட்டாய் விழும் வாயில் உள்ள தகரக் கதவு தானாக மூடிக்கொள்கிறதா என்று கையால் தட்டிப் பாருங்கள். அந்தக் கதவு இளகிக் கிடந்தால் எறும்புக்கு அதுதான் வாசல்.

நாலு வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு நான் இடது பக்கம் காசு போட விடுவதில்லை. 16 மி.மீ. உருண்டை தொண்டையில் அடைக்கிற அளவு. தாய் தகப்பன் பரவாயில்லை என்று சொன்னாலும் நான் விடமாட்டேன். "மக்ளே, உனக்கு இந்தப் பக்கம்" என்று சீரக மிட்டாயைக் காட்டி, நானே கையில் வாங்கி நாலே நாலு கொடுப்பேன். பபிள்கம் முடியில் ஒட்டி வந்த பிள்ளைகளும் உண்டு. தேங்காய் எண்ணெயைத் தடவிக் கொஞ்ச நேரம் விட்டால் இளகி வந்துவிடும், வெட்ட வேண்டியதில்லை. அதற்கு நான் காசு வாங்குவதில்லை.

வருமானம் கேட்பவர்களுக்கு: பெட்டியில் மாதம் 1,400 ரூபாய்வரை விழுகிறது. அதில் பாதிக்கு மேல், முடிவெட்டி முடித்ததும் பிள்ளை கையில் நானே கொடுக்கும் காசு. மிட்டாய்க்கும் மெஷினுக்கும் போட்டதை இதிலிருந்து மட்டும் எடுக்க நாளாகும். ஆனால் கருங்கல்லிலிருந்தும் குளச்சலிலிருந்தும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு இங்கேயே வருகிறார்கள், நாற்காலியில் ஏறும்போது யாரும் அழுவதில்லை.

கம்பத்தை அடித்தட்டோடு சேர்த்துத் தரையில் ஆணி இறக்கிப் பொருத்திவிடுங்கள், பிள்ளைகள் அதில் தொங்குவார்கள். அப்புறம் சாவி. இது குழாய் மாதிரி வட்டச் சாவி. தொலைத்துவிட்டு தக்கலை வரை போய்க் கேட்டேன், வெட்டித் தர ஆள் கிடைக்கவில்லை. கம்பெனிக்கு எழுதி, வந்து சேர ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் வலது குடம் காலி. இப்போது ஒரு சாவி கடையில், ஒன்று வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால்.