தப்பியோட்டமா, கிளர்ச்சியா: எதை எடுத்து எழுதலாம்?

அடிமை ஒழிப்பைப் பற்றிக் கட்டுரை எழுதும் மாணவர்கள் பலர், அமெரிக்காவில் தப்பி ஓடிய அடிமைகளை எடுப்பதா, பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த ஜமைக்காவில் 1831-இல் அடிமைகள் செய்த கிளர்ச்சியை எடுப்பதா என்று தடுமாறுகிறார்கள்.

ஆள் பலம்
ஓட்டம்: தனியாக, அல்லது சிறு குழுவாக. அடிமை முறை இருந்த மேரிலாந்து மாநிலத்திலிருந்து 1849-இல் தப்பிய ஹாரியட் டப்மன், திரும்பத் திரும்ப அங்கே போய்ச் சுமார் 70 பேரை மீட்டார். என்ன துணிச்சல்!
கிளர்ச்சி: சுமார் 60,000 பேர். கூலி தராவிட்டால் வேலை இல்லை என்றுதான் கிளர்ச்சித் தலைவர் சாம் ஷார்ப் தொடங்கினார்.

கொடுத்த விலை
ஓட்டம்: பிடிபட்டால் சவுக்கடி, தென்மாநிலங்களுக்கு விற்பனை.
கிளர்ச்சி: முன்னூறுக்கும் மேற்பட்டோருக்கு மரண தண்டனை. ஷார்ப்பும் 1832 மே மாதம் தூக்கிலிடப்பட்டார்.

சட்டத்தில் விளைவு
கிளர்ச்சி: வேகமானது. 1833-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒழிப்புச் சட்டம் இயற்றியது.
ஓட்டம்: மெதுவானது, ஆனால் ஆழமானது. ஓடியவர்களைப் பிடித்துக்கொடுக்க வடமாநிலத்தவரையும் கட்டாயப்படுத்திய 1850 சட்டம், அதுவரை ஒதுங்கியிருந்தவர்களையும் கொதிக்க வைத்தது. அப்புறம் வடக்குக்கும் தெற்குக்கும் இடையே உள்நாட்டுப் போர். 1861 மே மாதம் வர்ஜீனியாவில் வடக்குப் படையின் கையிலிருந்த மன்றோ கோட்டைக்கு மூன்று அடிமைகள் தப்பி வந்தார்கள். கோட்டைத் தளபதி பட்லர் அவர்களைத் திருப்பி அனுப்ப மறுத்தார். செய்தி பரவ, ஆயிரக்கணக்கானோர் வந்து சேர்ந்தார்கள். லிங்கன் அரசு அடிமை முறையைத் தொட்டே ஆகவேண்டிய நிலையை உண்டாக்கியது இந்த மக்கள்தான் என்பது என் உறுதியான கருத்து.

ஒரு சட்டம் எப்படி விரைந்து வந்தது என்று காட்ட வேண்டுமானால் ஜமைக்காவை எடுங்கள். விடுதலை மேலிருந்து மட்டும் வந்தது என்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டுமானால் மன்றோ கோட்டையிலிருந்து தொடங்குங்கள்.