சிற்றலைக்கு எது உதவும்: பவுலும் சர்ஃப்ஸ்கேட்டும், ஃபிஷ்ஷும் த்ரஸ்டரும்

கோவளம், மாமல்லபுரம் பக்கம் ஆண்டின் பெரும்பகுதியில் கிடைப்பது முழங்காலுக்கும் இடுப்புக்கும் இடைப்பட்ட அலை. நெஞ்சளவு எழும் நாளில் கடலுக்குள் இடம் பிடிக்கவே போட்டி. இந்தச் சிற்றலையில் சர்ஃபிங் என்னும் அலைச்சறுக்கில் அடுத்த கட்டத்துக்குப் போக நினைப்பவர்கள் வழக்கமாக இரண்டு கேள்விகளோடு வருகிறார்கள்: கரையில் எதில் பயிற்சி செய்வது, எந்தப் பலகையை வாங்குவது? இரண்டையும் தனித்தனியாகக் கேட்பதால்தான் பணமும் மாதங்களும் வீணாகின்றன என்பது என் உறுதியான கருத்து. உடல் எந்த அசைவில் வேகம் எடுக்கப் பழகியிருக்கிறதோ, அந்த அசைவை ஏற்கும் பலகைதான் ஒருவருக்கு ஓடும்.

பெரிய அலையில் சரிவே வேகத்தைக் கொடுத்துவிடும். ஓட்டுபவரின் வேலை அதைக் கட்டுப்படுத்துவது. சிற்றலையில் சரிவு குறைவு, தள்ளும் விசையும் குறைவு. எழுந்து நின்ற இரண்டாவது நொடியிலேயே பலகை சோர்ந்துவிடும். அங்கே வேகத்தை ஓட்டுபவர்தான் உண்டாக்க வேண்டும். ஒரு மணி நேரம் கடலில் இருந்தாலும் பலகையின் மேல் நிற்கும் நேரம் ஒன்றிரண்டு நிமிடம் தேறினால் அதிகம். அந்த நேரத்துக்குள் ஒரு நுட்பமான அசைவைப் பழக முடியாது என்பதால்தான் கரைப் பயிற்சி தேவைப்படுகிறது.

கரையில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கான்கிரீட்டில் கிண்ணம்போல் குழித்துக் கட்டிய பவுலில் சாதாரண ஸ்கேட்போர்டு ஓட்டுவது. மற்றொன்று, முன் அச்சு இடம் வலமாகத் திரும்பும் சர்ஃப்ஸ்கேட் பலகையைச் சமதரையில் ஓட்டுவது. 1990களில் கலிஃபோர்னியாவின் வெனிஸ் பகுதியில் தொடங்கிய கார்வர் நிறுவனத்தின் பலகைகள் இந்த வகைக்கு முன்னோடி. இரண்டுமே சர்ஃபிங் போலத் தோன்றும். ஆனால் வேகம் பிறக்கும் விதம் இரண்டிலும் வேறு.

பவுலில் அடித்தளத்தைக் கடந்து சுவர் வளையத் தொடங்கும் இடத்தில் கால்களின் மேல் பாரம் கூடுகிறது. 2 மீட்டர் ஆரம் கொண்ட வளைவுக்குள் மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் நுழையும் 60 கிலோ எடையுள்ள ஒருவர், வளைவின் அடியில் ஏறத்தாழ 135 கிலோவைத் தாங்குவதுபோல் உணர்வார். அந்தக் கணத்தில் மடக்கிய முழங்கால்களை நிமிர்த்தினால், கூடுதல் பாரத்துக்கு எதிராகக் கால்கள் செய்த வேலை வேகமாக மாறும். ஊஞ்சலில் நின்று ஆடும் குழந்தை உயரத்தில் குந்தி, கீழே வரும்போது நிமிர்வதும் இதே கணக்குதான். வளைவைத் தாண்டியபின் நிமிர்ந்தால் பயனில்லை. சமதரையில் நிமிர்ந்தாலும் பயனில்லை. எப்போது குந்துவது, எப்போது நிமிர்வது என்பதைப் பவுல் தயவின்றிக் கற்றுக்கொடுக்கிறது. நேரம் தவறினால் சுவரின் பாதியிலேயே பலகை நின்றுவிடும். சரியாக அமைந்தால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சாண் மேலே ஏறும்.

சமதரைச் சர்ஃப்ஸ்கேட்டில் வேகம் இடுப்பைத் திருகுவதிலிருந்து வருகிறது. சக்கரங்கள் பக்கவாட்டில் தரையைப் பற்றிக்கொள்ள, அந்தப் பிடிப்பை உதைத்துப் பலகை முன்னேறுகிறது. தண்ணீரில், பலகையின் வால்பக்க அடியில் மீன்துடுப்புபோல் நிற்கும் ஃபின்களும் ஓரளவு இப்படிப் பற்றும். ஆகவே இந்தப் பயிற்சி வீண் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதை மட்டுமே பழகியவர்களை நம் கரையில் எளிதாக அடையாளம் காணலாம். அலையின் நடுமட்டத்திலேயே நின்று பலகையைச் சிறிதுசிறிதாக இடமும் வலமும் ஆட்டிக்கொண்டிருப்பார்கள். மேலே ஏறுவதும் இல்லை, கீழே இறங்குவதும் இல்லை. அலை தரும் ஒரே செல்வம் உயரம்தான். அதைத் தொடாமல் ஆட்டிக்கொண்டே இருந்தால், ஒவ்வோர் ஆட்டமும் கொஞ்சம் வேகத்தைத் தின்றுவிடும்.

சர்ஃப்ஸ்கேட்டுக்கு உரிய மதிப்பையும் சொல்லியாக வேண்டும். முதலில் கண், பிறகு தோள், அதன் பின் இடுப்பு என்ற வரிசையில் உடலைத் திருப்பும் பழக்கத்துக்கு அதைவிட எளிய கருவி இல்லை. பின்கை முதுகுப்பக்கம் தொங்கிக் கிடக்கும் பழக்கத்தை ஒரே வாரத்தில் திருத்திவிடலாம். வீட்டு வாசலில் நல்ல தரை இருந்தால் போதும். பவுலோ நம் பக்கம் அரிது. அது கிடைக்காதவர்கள் வழவழப்பான கான்கிரீட் சாய்தளம் ஒன்றைத் தேடிக்கொள்ளலாம். மேலேறி, திரும்பி, இறங்கும் பயிற்சியில் பாதியாவது அங்கே கிடைக்கும். செங்குத்தான சுவரில் மட்டும் சர்ஃப்ஸ்கேட்டை ஏற்ற வேண்டாம். திரும்பும் முன் அச்சு அங்கே துள்ளி ஆளைத் தூக்கிப் போட்டுவிடும்.

பவுல் சவாரி சர்ஃபிங்கின் வயிற்றில் பிறந்தது என்பதையும் மறக்கக் கூடாது. 1970களில் கலிஃபோர்னியாவின் சாண்டா மோனிகாவில் செஃபிர் என்ற ஸ்கேட்போர்டு குழுவின் இளைஞர்கள், கடலில் அலை கெட்டுப்போன பிறகு பள்ளி மைதானங்களின் தார்ச் சரிவுகளில் ஸ்கேட்போர்டு ஓட்டினார்கள். ஹவாயின் சர்ஃபர் லாரி பெர்டில்மன் அலைச்சுவரில் கையை ஊன்றிக் குனிந்து திரும்பும் விதத்தை அப்படியே தார்த்தரையில் செய்து பார்த்தார்கள். அப்போது புதிதாக வந்திருந்த யூரித்தேன் சக்கரங்கள் அதற்குப் பிடிப்புக் கொடுத்தன. 1976, 1977 வறட்சியில் கலிஃபோர்னியாவின் நீச்சல் குளங்கள் காலியானபோது, சரிவுகளை விட்டுக் குளங்களின் வளைந்த சுவர்களுக்குப் போனார்கள். அலைக்காக உண்டான உடல்மொழி என்பதால்தான் அது மீண்டும் அலைக்குத் திரும்பும்போது இவ்வளவு பொருந்துகிறது.

பவுல் கற்றுத் தராதவையும் உண்டு. துடுப்புபோல் கையை வலித்து அலையைப் பிடிப்பதற்கும் எழுந்து நிற்பதற்கும் கடல்தான் பள்ளிக்கூடம். பலகையின் ஓரத்தை நீரில் அமிழ்த்தித் திரும்பும் உணர்வையும் சக்கரங்கள் தராது. கான்கிரீட் சுவர் நாம் வரும்வரை அங்கேயே இருக்கும். அலைச்சுவரோ ஒவ்வொரு நொடியும் இடம் மாறும். அதனால் எங்கே திரும்புவது என்ற முடிவைக் கடலில் மட்டுமே பழக முடியும்.

நம் கரைக்கே உரிய ஒரு செய்தி இங்கே உதவும். தென்மேற்குப் பருவக் காலத்தில் அலைகள் தெற்கிலிருந்து சாய்வாக வருவதால், நீண்டு உடையும் அலைகள் பெரும்பாலும் வடக்கு நோக்கி, அதாவது கரையைப் பார்த்து நிற்பவரின் வலப்பக்கம் ஓடுகின்றன. இலங்கையின் கிழக்குக் கரையில் அறுகம்பே அலையும் வலப்பக்கம் ஓடுவதே. இடக்கால் முன்வைப்பவருக்கு அலைச்சுவர் நெஞ்சுப்பக்கம் இருக்கும். வலக்கால் முன்வைப்பவருக்கு முதுகுப்பக்கம் இருக்கும். பவுலில் எந்தப் பக்கத்துக்கு அதிக நேரம் கொடுப்பது என்பதை இதை வைத்து முடிவு செய்ய வேண்டும். இடுப்பளவு ஆழமுள்ள பவுலில் தொடங்குங்கள். தலைக்கவசமும் முழங்கால் காப்பும் இல்லாமல் இறங்கவே வேண்டாம்.

இனி பலகை. ஃபிஷ் பலகையின் பிறப்பை நினைத்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும். 1967 வாக்கில் சான் டியேகோவில் ஸ்டீவ் லிஸ் அதை வடிவமைத்தது மண்டியிட்டு ஓட்டுவதற்காக. மண்டியிட்டவர் குந்தி நிமிர்ந்து வேகம் எடுக்க முடியாது. பலகை தானே ஓட வேண்டும். அகலமான உடல், தட்டையான அடிப்பகுதி, மீன்வால்போல் பிளந்த வால், நீண்ட அடியுள்ள இரண்டு கீல் ஃபின்கள் எல்லாம் அந்தத் தேவைக்குப் பொருந்துகின்றன. மூன்று ஃபின்கள் கொண்ட த்ரஸ்டர் வேறு தேவையில் பிறந்தது. ஆஸ்திரேலியாவின் மார்க் ரிச்சர்ட்ஸ் இரட்டை ஃபின் பலகையில் 1979 முதல் 1982 வரை தொடர்ந்து நான்கு உலகப் பட்டங்களை வென்றுகொண்டிருந்த காலம். அதே நாட்டின், உடல்வாகு பெரிதான சைமன் ஆண்டர்சனுக்கு இரட்டை ஃபின் வழுக்கியது; பிடிப்புக்காக மூன்றாவதைச் சேர்த்து 1981இல் பெல்ஸ் பீச் போட்டியை வென்றார். பின்காலால் அழுத்தி மிதிப்பவருக்குப் பிடி கொடுக்க வந்த பலகை அது.

ஆக, ஃபிஷ் சும்மா நின்றால் ஓடும். த்ரஸ்டர் மிதித்தால் ஓடும். சிற்றலைக்கென்று அகலமும் கனமும் கூட்டிச் செய்யப்படும் குட்டையான த்ரஸ்டரும் அப்படித்தான். அதன் பக்க ஃபின்கள் மூக்கை நோக்கிச் சற்று உள்வாங்கி இருப்பதால், நேராகப் போகும்போது நீர் அவற்றைத் தடுக்கும். பலகை சாய்ந்து திரும்பிக்கொண்டே இருக்கும்போதுதான் அவை உயிர்பெறும். கீல் ஃபின் ஃபிஷ்ஷில் படபடவென்று மிதித்தால் நடப்பது எதிர்மாறு: இயல்பான ஓட்டம் குலைந்து வேகம் போய்விடும்.

அளவில், 65 கிலோ எடையுள்ள, இடைநிலைத் திறன் கொண்ட ஒருவருக்கு 5 அடி 6 அங்குல நீளம், 21 அங்குல அகலம், 32 லிட்டர் அளவிலான ஃபிஷ் பொருந்தும். சிற்றலைத் த்ரஸ்டர் என்றால் 5 அடி 8 அங்குலம், 20 அங்குலம், 30 லிட்டர். தேர்ந்தவர்கள் நல்ல அலையில் ஓட்டும் 26 லிட்டர் பலகையை நம் இடுப்பளவு அலையில் ஓட்ட முயல்பவர்களைப் பார்த்தால் மனம் வருந்துகிறது. கையை வலித்தே களைத்துப்போய்க் கரை திரும்புகிறார்கள்.

மினி சிம்மன்ஸும் சிலர் விருப்பத்தில் உண்டு. 1940களில் பாப் சிம்மன்ஸ் வகுத்த வழியில் குட்டையாகவும் மிக அகலமாகவும் செய்யப்படும் பலகை அது. தட்டையான அலையில் அதன் வேகத்துக்கு ஈடில்லை. ஆனால் நம் கரைகளில் பல இடங்களில் அலை மணல்திட்டில் மோதி ஒரே வீச்சில் செங்குத்தாக விழுகிறது. மூக்கில் வளைவே இல்லாத பலகை அங்கே நேராக நீருக்குள் குத்திக்கொள்ளும். மெல்ல உடையும் இடம் பக்கத்தில் இருந்தால் மட்டும் வாங்கலாம். 9 அடி லாங்போர்டு மிகச் சிறிய நாள்களையும் காப்பாற்றும். அதன் கலை வேறு என்பதால் இந்தப் போட்டியில் அதைச் சேர்க்கவில்லை.

என் தீர்ப்பு இதுதான். கரைப்பயிற்சிக்கே வழியில்லாதவரும், சமதரைச் சர்ஃப்ஸ்கேட் மட்டும் ஓட்டுபவரும் ஃபிஷ் வாங்கட்டும். ஆட்டும் பழக்கத்தை அது தண்டித்துத் திருத்தும். ஓரத்தைச் சாய்த்து நீண்ட வளைவு போட வைக்கும். பவுலில் தொடர்ந்து பழகி, சுவரின் மேல்விளிம்பு வரை வேகம் குறையாமல் போய்த் திரும்ப முடிந்தவர் சிற்றலைத் த்ரஸ்டருக்கு மாறலாம். அவருடைய கால்கள் கொடுப்பதை வாங்கிக்கொள்ளும் பலகை அதுவே. இரண்டுக்கும் நடுவே நிற்பவர்களுக்கு நிமிர்ந்த இரட்டை ஃபின்களும் பின்னால் ஒரு சிறு ஃபின்னும் உள்ள பலகை நல்லது. சிறு ஃபின்னைக் கழற்றியும் மாட்டியும் வித்தியாசத்தைக் காலாலேயே உணரலாம். புதிய பலகை, பவுல் பயிற்சி இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் பலகையைத் தள்ளிப்போட்டுப் பவுலுக்குப் போங்கள். இருக்கும் பழைய பலகையே வேறுவிதமாக ஓடத் தொடங்கும்.

பொருளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இபிஎஸ் எனப்படும் தெர்மாகோல் வகை நுரையில் எப்பாக்ஸி பிசின் பூசிய பலகை மிதப்பு மிக்கது, சிற்றலைக்கு ஏற்றது. ஆனால் சென்னை வெயிலில் மூடிய காருக்குள் விட்டால் மேல்தோல் நுரையிலிருந்து பிரிந்து உப்பிவிடும். உடைந்தால், ஃபைபர் படகு பழுதுபார்ப்பவர் வைத்திருக்கும் பாலியெஸ்டர் பிசினைத் தொடவிடாதீர்கள். அது இபிஎஸ் நுரையைக் கரைத்துக் குழி பறித்துவிடும். பாலியூரித்தேன் நுரைப் பலகைக்கு அந்தத் தொல்லை இல்லை. மீனவக் குப்பத்துப் படகுப் பட்டறையிலேயே அதை ஒட்டிக்கொள்ளலாம். எப்பாக்ஸி பிசின் எளிதில் கிடைக்காத ஊரில் இருப்பவர்கள் பாலியூரித்தேனையே வாங்குங்கள், ஒரு லிட்டர் கூடுதல் கன அளவோடு.