பதின்வயது அனோரெக்சியா: குடும்ப சிகிச்சையா, தனிநபர் சிகிச்சையா?

அனோரெக்சியா என்பது எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் உணவை ஆபத்தான அளவுக்குக் குறைத்துக்கொள்ளும் மனநோய். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பு 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இந்நோய் உள்ள பதின்வயதினருக்குக் குடும்ப சிகிச்சையையே முதலில் பரிசீலிக்கச் சொல்கிறது. அது பொருந்தாதபோதுதான் தனிநபர் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை, அதாவது எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சை. இந்த வரிசை சரி என்றே சொல்வோம்.

குடும்ப சிகிச்சையில் ஓராண்டுக்கு 18 முதல் 20 அமர்வுகள். தொடக்கத்தில் என்ன, எவ்வளவு, எப்போது என்பதைப் பெற்றோரே முடிவு செய்து பரிமாறி, பிள்ளை சாப்பிட்டு முடிக்கும்வரை உடன் இருக்க வேண்டும். உடல் தேறத் தேற, பொறுப்பு படிப்படியாகப் பிள்ளையிடம் திரும்பும். பெரும்பாலும் சறுக்குவது பெற்றோர் ஒருமனதாக இல்லாதபோதுதான். ஒருவர் உறுதியாக நிற்க, மற்றவர் "இன்னைக்கு மட்டும் விட்டுடு" என்றால், அடுத்த வேளையும் அதே பேரம் தொடங்கும். யார்மேல் தவறு என்று தேடுவதும் வேண்டாம். இந்நோய் பெற்றோரால் வருவதல்ல. ஆனால் வீட்டில் வன்முறை இருந்தால் இம்முறை கூடாது.

தனிநபர் சிகிச்சை 40 வாரங்களில் 40 அமர்வுகள் வரை போகும். பிள்ளையே உணவையும் அப்போதைய எண்ணங்களையும் எழுதிவைத்து, சிகிச்சையாளரோடு அலசும். மாற விருப்பம் இருந்தால் நன்றாக உதவும். சிக்கல் என்னவென்றால், பட்டினியில் சிந்தனை இறுகிவிடுகிறது. தனக்கு நோயே இல்லை என்று பிள்ளை உண்மையாகவே நம்பும்.

எரிச்சல், சோர்வு, ஒதுங்கல் ஆகியவற்றைப் பட்டினியே உண்டாக்கும். எடை மீண்டபின் பலருக்கு இவை குறையும். நீடித்தால் மனச்சோர்வுக்குத் தனியாக மருத்துவம் தேவை. தற்கொலை எண்ணம், மயக்கம், நெஞ்சுவலி தெரிந்தால் இந்த இரண்டு சிகிச்சைகளுக்கும் முன் மருத்துவமனை.