கொண்டையும் தாடியும் வைத்த கோழியில் நிறம் நிலைக்க: டெல்டாவுக்கு எது ஏற்றது?

தலை நிறையக் கொண்டை இறகு, கன்னத்தை மூடும் தாடி இறகு, அதோடு தலைமுறைக்குத் தலைமுறை கலையாத நிறம். தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கம் பேன்சி கோழி வளர்ப்பவர்கள் இந்த மூன்றையும் ஒரே பறவையில் பார்க்க ஆசைப்பட்டால் மூன்று வழிகள் இருக்கின்றன. தாடி வைத்த போலிஷ், தாடி வைத்த சில்க்கி, இல்லையென்றால் இவற்றை நம் நாட்டுக்கோழியோடு கலப்பது. வெள்ளைக் கொண்டையும் கறுப்பு உடம்பும் கொண்ட போலிஷ்தான் பலர் கண்ணில் முதலில் படும். ஆனால் அதற்குத் தாடி கிடையாது. வயல் சேறும் தண்ணீர்ச் சட்டியும் அந்த வெள்ளைக் கொண்டையைச் சீக்கிரமே பழுப்பாக்கிவிடும். அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

நிறத்துக்காக வளர்ப்பதென்றால் என் ஓட்டு தாடி வைத்த போலிஷில் கோல்டன் லேஸுக்குத்தான். லேஸ் என்றால் ஒவ்வொரு இறகைச் சுற்றியும் வேறு நிறத்தில் ஓடும் விளிம்பு.

17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியங்களிலேயே தலை முழுக்கக் கொண்டை வைத்த கோழிகளைப் பார்க்கலாம். கோழி இனங்களின் அளவுகோல்களைச் சொல்லும் அமெரிக்கத் தர நூல் தாடியில்லாத போலிஷை 1874இலும், தாடி வைத்த கோல்டன், சில்வர் வகைகளை 1883இலும் ஏற்றுக்கொண்டது. இவ்வளவு காலம் பொறுக்கியெடுத்து நிலைப்படுத்திய நிறம் என்பதால், சுத்தமான ஜோடி கிடைத்துவிட்டால் குஞ்சுகள் பெற்றோரைப் போலவே வரும். கோல்டனில் பொன்பழுப்பு இறகைச் சுற்றிக் கறுப்பு விளிம்பு ஓடும். சில்வரில் வெள்ளி இறகுக்குக் கறுப்பு விளிம்பு. பஃப் லேஸில் வெளிர்பொன் இறகுக்கு வெள்ளை விளிம்பு. நல்ல லேஸ் என்றால் விளிம்பு இறகு முழுவதையும் ஒரே அகலத்தில் சுற்றி வர வேண்டும். நுனியில் மட்டும் கறுப்பு தடித்துப் பக்கவாட்டில் காணாமல் போனால் அது பொட்டு, லேஸ் இல்லை. நெஞ்சு இறகு ஒன்றைப் பிரித்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஆனால் குஞ்சு இறகை வைத்து முடிவு கட்டக் கூடாது. லேஸ் தெளிவது பெரிய இறகு முளைத்த பிறகுதான். அதுவரை தீவனச் செலவைத் தாங்கத்தான் வேண்டும்.

கோல்டனையும் சில்வரையும் ஒரே கூண்டில் விடுவது நிறையப் பேர் செய்யும் காரியம். இரண்டும் லேஸ்தானே என்று தோன்றும். சில்வர் மரபணு ஓங்கு பண்பு, ஒரு பக்கத்திலிருந்து வந்தாலே வெளியில் தெரியும். அது பாலினக் குரோமோசோமில் இருக்கிறது. சேவலுக்கு அந்த இடம் இரண்டு, பெட்டைக்கு ஒன்றுதான். அதனால் கோல்டன் சேவலைச் சில்வர் பெட்டையோடு விட்டால் பெட்டைக் குஞ்சுகள் எல்லாம் கோல்டனாகவும், சேவல் குஞ்சுகள் எல்லாம் சில்வர் போலவும் வரும். பொரித்த அன்றே பால் பிரிக்க இது நல்ல வழி. ஆனால் அந்தச் சேவல்கள் உள்ளுக்குள் கோல்டனைச் சுமக்கும். கழுத்திலும் இடுப்பிலும் தொங்கும் இறகில் வைக்கோல் மஞ்சள் ஓடியிருப்பது அதன் அடையாளம். அப்படிப்பட்ட சேவலைச் சில்வர் கூண்டுக்குள் விட்டால், பிறக்கும் பெட்டைகளில் பாதி கோல்டனாக நிற்கும்.

பஃப் லேஸின் கதை வேறு. கோல்டன் லேஸில் கறுப்பை வெள்ளையாக்கும் ஓங்கு வெள்ளை மரபணு சேர்ந்தால் பஃப் கிடைக்கும். அந்த மரபணு இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தால்தான் விளிம்பு சுத்தம். கோல்டனோடு ஒருமுறை கலந்துவிட்டால், அடுத்த தலைமுறையின் வெள்ளையில் கறுப்புப் புள்ளிகள் தெறித்திருக்கும்.

போலிஷின் தொல்லை நிறத்தில் இல்லை, தலையில் இருக்கிறது. கொண்டைக்கு அடியில் மண்டை ஓடு மேடாக எழும்பியிருக்கும், அங்கே எலும்பு முழுவதும் மூடாமலும் இருக்கும். 1868இல் வெளியான தன் நூலில் டார்வினே இதை விரிவாக எழுதியிருக்கிறார். குஞ்சுப் பருவத்தில் அந்த இடத்தில் பலமாக ஒரு கொத்து விழுந்தால் உயிருக்கே ஆபத்து. எனவே நாட்டுக்கோழிக் குஞ்சுகளோடு சேர்த்து வளர்க்கவே கூடாது. கொண்டை கண்ணை மறைப்பதால் பருந்து வருவதும் கீரி வருவதும் அதற்குத் தெரியாது. திறந்த கொல்லையில் விட்டு வளர்க்கும் பறவை இல்லை இது, வலை போட்ட கொட்டகை கட்டாயம் வேண்டும். தண்ணீருக்கு, கொத்தினால் சொட்டும் நிப்பிள் குழாய் வைத்தால் கொண்டையும் தாடியும் நனையாது. நனைந்த கொண்டைக்குள் பேன் சேரும், கண்ணில் புண் வரும். கொண்டை அடியை அடிக்கடி விலக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது சில்க்கி. இறகு இழைகளைக் கோத்துப் பிடிக்கும் கொக்கிகள் இதற்குக் கிடையாது. அதனால் உடம்பு முழுக்கப் பஞ்சு போல இருக்கும். கறுத்த தோல், காலுக்கு ஐந்து விரல், கைக்குழந்தைக்கும் அடங்கும் குணம். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இதைவிட நல்ல கோழி இல்லை. ஆனால் லேஸ் போன்ற வேலைப்பாடு இந்தப் பஞ்சில் தெளிவாக நிற்காது. வெள்ளை, கறுப்பு, சாம்பல் போன்ற ஒற்றை நிறங்களே எடுபடும்.

புளூ என்று விற்கும் சாம்பல் நிறத்தில் ஒரு கணக்கு உண்டு. சாம்பலும் சாம்பலும் சேர்ந்தால் நாலில் இரண்டுதான் சாம்பல், ஒன்று கறுப்பு, ஒன்று ஸ்பிளாஷ், அதாவது வெளிர் உடம்பில் சாம்பல் திட்டுகள் தெறித்தது. சுத்தமான ஜோடி என்று காசு கொடுத்து வாங்கியவர்கள் கறுப்புக் குஞ்சைப் பார்த்து ஏமாந்துவிட்டதாக நினைப்பார்கள். யாரும் ஏமாற்றவில்லை, அந்த மரபணுவின் இயல்பு அப்படி. எல்லாக் குஞ்சும் சாம்பலாக வேண்டுமென்றால் கறுப்புச் சேவலுக்கு ஸ்பிளாஷ் பெட்டையைச் சேர்க்க வேண்டும். இளஞ்சாம்பலாகத் தெரியும் லாவெண்டர் இதிலிருந்து வேறு. அது ஒடுங்கு பண்பு, இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தால்தான் வெளியில் தெரியும். அதனால் இரண்டு லாவெண்டர் சேர்ந்தால் குஞ்சு எல்லாம் லாவெண்டர்தான்.

சில்க்கிக்கு டெல்டாவில் பெரிய எதிரி ஐப்பசி, கார்த்திகை. மற்ற கோழிகளின் இறகில் மழைநீர் வழிந்தோடும், சில்க்கியின் இறகு ஊறிப்போகும். ஈரத் தரையில் நின்றால் ரத்தக்கழிச்சல் வந்துவிடும். வயல்களில் தண்ணீர் நிற்கும் மாதங்களில் கொசு பெருகி அம்மையும் பரவும். இதற்குப் போலிஷும் விலக்கில்லை. கூரை இறக்கிய, தரை உயர்த்திய கொட்டகையில் காய்ந்த உமியைத் தடிமனாகப் பரப்பி அடிக்கடி மாற்றுங்கள். நெல் அரவை ஆலைகளுக்குப் பஞ்சமில்லாத ஊர்கள் இவை, உமிக்குக் கஷ்டம் இல்லை. வெள்ளைக்கழிச்சல், அம்மை தடுப்பூசி விஷயத்தில் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ பக்கத்துக் கால்நடை மருந்தகத்திலோ கேட்டுக்கொள்வது நல்லது.

இதையெல்லாம் சொன்னாலும் சில்க்கி இல்லாமல் போலிஷ் வளர்ப்பது சிரமம். போலிஷ் பெட்டை பெரும்பாலும் அடை உட்காராது. சில்க்கியோ எந்த முட்டையை வைத்தாலும் 21 நாளும் நகராமல் உட்காரும். கரண்ட் போனால் இன்குபேட்டர் பாடு திண்டாட்டமாகும் கிராமங்களில் இந்தக் குணத்துக்கு விலையே இல்லை. அதனால் என் ஏற்பாட்டில் போலிஷ் நிறத்துக்கு, சில்க்கி அடைக்கு. ஆனால் இரண்டையும் கலக்கவே கூடாது. பஞ்சு இறகு ஒடுங்கு பண்பு என்பதால் முதல் தலைமுறை சாதாரண இறகோடு வந்து ஏமாற்றும், அடுத்ததில் நாலில் ஒன்று பஞ்சாக வெளிவரும். போலிஷ் என்று விற்கும் பறவையின் காலைப் பிடித்து விரலை எண்ணுங்கள். நாலுக்கு மேல் இருந்தால் வேண்டாம். போலிஷின் பூ, அதாவது தலையில் இருக்கும் சிவந்த சதை, இரட்டைக் கொம்பாக இருக்கும், தாடி வைத்ததில் அது தெரியாத அளவுக்குச் சிறியது. வால்நட் பருப்பு போல உருண்ட பூ இருந்தாலும் சில்க்கி ரத்தம்தான்.

கடைசியாக நாட்டுக்கோழிக் கலப்பு. நோய் தாங்கும், குஞ்சுகளும் அதிகம் தப்பும். கொண்டையும் தாடியும் இரண்டுமே ஒரு பக்கத்திலிருந்து வந்தால் அரைகுறையாகவே தெரியும் பண்புகள். தலையில் கொஞ்சம், கன்னத்தில் கொஞ்சம் என்று நிற்கும். அந்தப் பறவைகளைத் தங்களுக்குள் சேர்த்தால் நாலில் ஒன்றுக்கு முழுக் கொண்டை, நாலில் ஒன்றுக்கு முழுத் தாடி. இரண்டும் ஒன்றாக வருவது பதினாறில் ஒன்று. அதற்கு மேல் லேஸும் வேண்டுமென்றால் எத்தனை குஞ்சு பொரிக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். இடமும் பொறுமையும் இருப்பவர்களுக்கு மட்டும் இந்த வழி.

கோல்டன் லேஸ் என்று முடிவு செய்தால், ஒரே வீட்டில் அண்ணன் தங்கையாகப் பிறந்த ஜோடியை வாங்காமல் சேவலை ஓரிடத்திலும் பெட்டைகளை வேறிடத்திலும் வாங்குங்கள். முன்பு வேறு சேவலோடு இருந்த பெட்டை என்றால் மூன்று வாரம் கழித்து வரும் முட்டைகளையே அடைக்கு எடுங்கள். பழைய சேவலின் விந்து அதுவரை உள்ளே உயிரோடு இருக்கும். தையில் பொரித்த குஞ்சுகள் ஆவணிக்குள் முழு இறகு போட்டுவிடும், லேஸ் பார்த்துக் கழித்துவிட்டு நல்லவற்றை மட்டும் அடைமழைக்கு முன்பே கொட்டகைக்குள் ஏற்றிவிடலாம்.