குடும்பத்துக்கு ஒரு பழைய ஸ்டேஷன் வேகன்: டொயோட்டா பீல்டர் 141 எடுத்து எட்டு மாசம், திருகோணமலையில இருந்து

முதல்ல ஒண்டைச் சொல்லிடுறன், ஸ்டேஷன் வேகன் எண்டா சுசூகி வேகன் ஆர் இல்ல. பின்னுக்கு நீட்டு டிக்கி வச்சு, கூரை கடைசி மட்டும் போய், பின் கதவு மேல தூக்கித் திறக்கிற காரைத்தான் சொல்றன். எங்கட வீட்டில நான், மனுசி, ரெண்டு பிள்ளையள், அம்மா. அம்மா ரெண்டு வருசமா வீல் செயரில. மாசத்துக்கு ஒருக்கா கிளினிக், வருசத்தில மூண்டு நாலு தரம் கொழும்பு, இடையில தம்பலகாமத்து மாமா வீட்டில இருந்து அரிசி மூட்டை வேற வரும். முன்ன இருந்த சின்னக் காரில வீல் செயர் டிக்கிக்குள்ள போகாது, அதைப் பின் சீட்டில சாய்ச்சு வச்சு, சின்னவளை மனுசிட மடியில இருத்தி ஒரு நாள் கந்தளாய் மட்டும் போனம், பிரேக் பிடிக்கிற நேரமெல்லாம் செயர்ட இரும்பு பிள்ளைட தலைக்கு நேர வந்து வந்து போச்சு, அண்டைக்கே முடிவெடுத்தன் இந்தக் காரை வித்துட்டு வேற எடுக்கிறதெண்டு.

வேன் எடுக்கலாமே எண்டு எல்லாரும் சொன்னாங்க. அம்மாவுக்கு வேன் படி ஏற ஏலாது, தூக்கித்தான் ஏத்தோணும், ஜீப் மாதிரி உயரமான வாகனமும் அப்பிடித்தான். வேகன்ட சீட் எண்டா வீல் செயர்ட உயரத்துக்குக் கிட்ட வருது, கதவடியில செயரை நிப்பாட்டிட்டு அவ தானே கையை ஊண்டி மாறி இருப்பா. இது எங்களுக்குப் பெரிய விசயம்.

ஆறு மாசம் தேடினன். 2020 மார்ச்சில இறக்குமதியை நிப்பாட்டி, 2025 பெப்ரவரியிலதான் தனியார் வாகனத்துக்குத் திரும்பத் திறந்தாங்க, திறந்தும் வரி கூட எண்டதால எங்கள மாதிரி ஆக்களுக்குப் பழசுதான் வழி. அந்த அஞ்சு வருசத்தில இருந்த வாகனமே கைமாறிக் கைமாறி ஓடியிருக்கு, அதால விலைய விட அது எத்தினை கை மாறி வந்தது எண்டதைத்தான் நான் முதல் கேட்டன்.

ப்ரோபொக்ஸ் ஒண்டு பாத்தம், பெட்டி மாதிரி நல்ல டிக்கி, ஆனா சாமான் ஏத்தவெண்டு செஞ்ச வாகனம், பின் சீட் மெல்லிசு, முதுகு நேரா நிக்குது, அம்மா அஞ்சு நிமிசம் இருந்து பாத்திட்டு கொழும்பு மட்டும் ஏலாதெண்டா, அதோட விட்டாச்சு. நிசான் விங்ரோட் வை12 ஒண்டு கிண்ணியாவில வந்துது, அதில பின் சீட் முன்னுக்குப் பின்னுக்கு நகரும், சத்தியமா நல்ல இடம், ஆனா நான் போய்க் கேட்ட ரெண்டு பார்ட்ஸ் கடையிலயும் அதுக்கு சாமான் ஓடர் பண்ணித்தான் எடுக்கோணும் எண்டாங்க. அம்மாட கிளினிக் நாளில கார் கராஜ்ல நிண்டா என்ன செய்யிறது?

ஹொண்டா பிட் ஷட்டில் ஹைபிரிட்தான் எனக்கு சரியான ஆசையா இருந்தது. 2011ல வந்த மாடல், 1.3 லீட்டர் எஞ்சினோட ஐ.எம்.ஏ எண்ட மின் மோட்டரும் இருக்கு, எண்ணெய் நல்லா மிச்சம் பிடிக்கும், டிக்கியும் பெரிசு. நாங்க பாத்ததை ஓர்ஸ் ஹில் ஏத்தத்தில ஏத்திப் பாத்தன், மீட்டர்ல பேட்டரிக் கட்டை விறுவிறுவெண்டு இறங்கிச்சு, இறக்கம் வர முன்னமே திடீரெண்டு நிறைஞ்சு காட்டிச்சு. இது பேட்டரி களைச்சுப்போச்சு எண்ட அடையாளம். அந்த பேட்டரி டிக்கித் தளத்துக்குக் கீழதான் இருக்கு, காருக்குள்ள இருக்கிற காத்தை இழுத்துத்தான் தன்னைக் குளிராக்கும், எங்கட சூடான கச்சான் காத்துக் காலத்தில வெயில்ல நிக்கிற காருக்குள்ள என்ன குளிர் இருக்கப் போகுது. ஷட்டில் கூடாத வாகனம் எண்டு சொல்ல வரேல்ல, பேட்டரியை ஸ்கேன் பண்ணி ரிப்போட் காட்டினா எடுங்க, இல்லாட்டி பேட்டரிக் காசைக் கழிச்சு விலை பேசுங்க.

இனி கறள் (துரு) கதை, இதுக்காகத்தான் இவ்வளவும் எழுதுறன்.

கடற்கரைக்குக் கிட்ட ஒரு வீட்டில வெள்ளை பீல்டர் ஒண்டு நிண்டது. மேல பாத்தா கண்ணாடி மாதிரி. மீட்டர்ல எண்பதாயிரத்துச் சொச்சம், சீட் கவர் புதுசு, மனுசிக்கு பிடிச்சுப் போச்சு, எனக்கும்தான், அட்வான்ஸ் காசு பொக்கெட்டுக்குள்ள இருந்தது. கூட வந்த பாஸ் (எங்கட மெக்கானிக்) ஒண்டும் கதைக்கேல்ல, பழைய பெட்சீட் ஒண்டை நிலத்தில விரிச்சுப் படுத்து டோர்ச்சை அடிச்சார். கீழ முழுக்க கறுப்பு அண்டர்கோட் (அடித்தகட்டுக்கு அடிக்கிற பூச்சு), புது வாசம் போகேல்ல. அவர் ஸ்குரூ ட்ரைவரைத் திருப்பிப் பிடிச்சு பிடியால முன் சில்லுக்குப் பின்னால இருந்து கதவு விளிம்போட தட்டிக்கொண்டு வந்தார், டங் டங் எண்டு வந்த சத்தம் ஜாக் வைக்கிற இடத்தடியில டப் எண்டு மாறிச்சு. அந்த இடத்தை நகத்தால கிள்ளினார். பெருவிரல் நகத்தளவு தகடு ஒண்டு பெயிண்டோட கழண்டு வந்தது, திருப்பிப் பாத்தா உள்பக்கம் செங்கல் நிறம், ஈரம். என்ட கையில வச்சார், பொடியாப் போச்சு. வித்தவர் சொன்னார், தம்பி எல்லாம் புதுசா அடிச்சதுதானே எண்டு. அதுதான் பிரச்சினையே, பழைய வாகனத்துக்குக் கீழ புது அண்டர்கோட் இருந்தா அது எதையோ மூடியிருக்கு எண்டுதான் எடுக்கோணும். ஜாக் வைக்கிற இடமே பொடியாப் போற காரில என்ட பிள்ளையள ஏத்த ஏலாது, சைட்டால ஒண்டு வந்து இடிச்சா தாங்கிறது அந்த விளிம்புதான்.

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் ஓடின வாகனம், துறைமுகப் பக்கம் வேலைக்குப் போய் வந்த வாகனம் எல்லாத்துக்கும் இது பொருந்தும். டிக்கிக் கார்ப்பெட்டைத் தூக்கி ஸ்பெயர் சில்லைக் கழட்டி அந்தக் குழியைப் பாருங்க, பின் கதவு நம்பர் தகட்டுக்கு மேல இருக்கிற விளிம்புக்குள்ள விரலை விட்டுத் தடவுங்க, தண்ணி தேங்கிற இடம் எல்லாம் இதுகள்தான்.

அஞ்சாவது வாகனம் கொழும்புப் பக்கத்தில இருந்து ஒரு விற்பனை நிலையத்துக்கு வந்தது, அந்த இடத்தின்ட பேர் சொல்லேல்ல. உள்ளுக்கு நல்ல வாசம் அடிச்சு வச்சிருந்தாங்க. பின் சீட் பெல்ட்டை முடியும் மட்டும் இழுத்தன், கடைசியில ஒரு சாண் நீளத்துக்கு மண் நிறக் கோடு. பெல்ட்டை யாரும் முழுக்க இழுத்துக் கழுவ மாட்டாங்க. 2016 மே மாசம் களனி கங்கை பெருகி கொழும்புப் பக்கம் எத்தினை வாகனம் வெள்ளத்தில தாண்டது எண்டு எல்லாருக்கும் தெரியும், அதுக்குப் பிறகும் வெள்ளம் வந்துதான் இருக்கு. சீட்டுக்குக் கீழ இருக்கிற ஆணித் தலையையும் பாத்தன், அது கறள். கேட்டதுக்கு எனக்கு மறுமொழி வரேல்ல, வந்துட்டன்.

ஆறாவதுதான் இப்ப வீட்டில நிக்கிற பீல்டர் என்இசட்ஈ 141, 2008 மாடல். இந்த உருவம் 2006 ஒக்டோபர்ல வந்தது, 1496 சிசி வன் என்இசட் எஞ்சின், டைமிங் செயின், அதால டைமிங் பெல்ட் மாத்திற செலவு இல்ல. எங்கட ஊர்ல எந்தக் கராஜ்ல விட்டாலும் இந்த எஞ்சினுக்குக் கை பழகியிருக்கு. வித்தவர் ஓய்வுபெற்ற வாத்தியார், மீட்டர்ல ஒரு லட்சத்து அறுபத்தெட்டாயிரம் நிண்டது. பாத்த எல்லாத்திலயும் கூட ஓடினது இதுதான். ஆனா ஒரு பைலைக் கொண்டு வந்து வச்சார், சேர்விஸ் பில் எல்லாம் திகதி வரிசையில, கிலோமீட்டர் ஒவ்வொண்டும் ஏறி ஏறி வருது. எண்பதாயிரம் எண்டு சொன்ன வெள்ளைக் காரில பிரேக் பெடல் ரப்பர் தேஞ்சு வழுக்கையா இருந்தது, மீட்டரைக் குறைச்சிருக்கலாம் எண்டது எனக்குப் பிறகுதான் விளங்கிச்சு.

இதையும் விடிய போய்ப் பாத்தன், ஸ்டார்ட் பண்ணாமல் வையுங்க சேர் எண்டு முதலே சொல்லி வச்சு, எஞ்சின் குளிரா இருக்கோ எண்டு பொனட்டில கையை வச்சுப் பாத்த பிறகுதான் திறப்பைப் போட்டன். சி.வி.டி எண்ட ஓட்டோ கியர்தான் இதில பயம். குளிரா இருக்கிற நேரம் மெதுவா எடுக்கேக்க நடுங்குதா, ஏத்தத்தில நிண்டு எடுக்கேக்க எஞ்சின் கத்தி வாகனம் பிந்தி வருதா, ரிவர்ஸ் போடேக்க இடிக்குதா எண்டு பாத்தன், இல்ல. சி.வி.டிக்கு அதுக்குரிய எண்ணெய்தான் விடோணும், சாதாரண கியர் எண்ணெயை விட்டுக் கெடுத்த கதை கனக்க இருக்கு, வாத்தியார்ட பைல்ல அந்த பில்லும் இருந்தது. பிறகு மத்தியானம் திருப்பிப் போய் வெயில்ல ஏசியைப் போட்டு அரை மணித்தியாலம் நிண்டன்.

பேப்பரில கவனம். சி.ஆர் புத்தகத்தில (வாகனப் பதிவுப் புத்தகம்) முழு உரிமையாளர் எண்ட இடத்தில லீசிங் கம்பெனிட பேர் இருந்தா அந்தப் பேரை நீக்கித் தராமல் காசு குடுக்காதீங்க. பேர் மாத்தாமல் ஓப்பன் பேப்பரில கை மாறினது எண்டா நான் தொட மாட்டன். வாகனத்தில அடிச்சிருக்கிற சசி நம்பரை நேர பாத்து புத்தகத்தோட ஒத்துப் பாக்கோணும். ரயர்ட பக்கத்தில நாலு இலக்கம் இருக்கும், 3418 எண்டா 2018ம் ஆண்டு 34ம் கிழமை செஞ்சது, எங்கட வாகனத்தில ரயர் பழசு, அதைக் காட்டி விலையைக் குறைச்சன், எடுத்த கிழமையே நாலும் மாத்தினன்.

இப்ப எட்டு மாசம். வீல் செயரை மடிச்சு படுக்கப் போட்டாலும் அதுக்குப் பக்கத்தில ரெண்டு பை போகுது, சீட் ஒண்டும் மடிக்கத் தேவையில்ல. அரிசி வாறதெண்டா பின் சீட்ல ஒரு பக்கத்தை மட்டும் மடிச்சா மற்றப் பக்கத்தில பிள்ளை இருக்கலாம். டவுனுக்குள்ள லீட்டருக்கு பத்து பதினொரு கிலோமீட்டர், கொழும்பு ரோட்டில பதினாலுக்கு மேல வருது, ஏசியோட.

குறையும் சொல்லோணும். ரயர் சத்தம் டிக்கிக்குள்ளால வந்து உள்ளுக்கு எதிரொலிக்குது, ஹபரணை ரோட்டில பின்னுக்கு இருக்கிற அம்மாவோட கதைக்க குரலை உயத்தோணும். ஆள் நிறைய ஏறி சாமானும் போட்டா பின்பக்கம் தாழுது, எங்கட ஒழுங்கையில இருக்கிற வேகத்தடையில கீழ உரசினது, பின் ஷொக் ரெண்டும் மாத்தின பிறகு பரவாயில்ல. ஹெட்லைட் கண்ணாடி மஞ்சளாகிப் போச்சு, கந்தளாய் தாண்டி இரவில யானை நிக்கிற ரோட்டில அந்த வெளிச்சம் காணாது, பொலிஷ் பண்ணினன், அதுக்குப் பிறகும் அந்த ரோட்டை இருட்ட முன்னம் தாண்டத்தான் பாக்கிறது. எங்கட நடு சீட் பெல்ட் சீட்டுக்குக் கீழ விழுந்து கிடந்தது, எடுத்து வெளிய விட்டது மனுசி, நீங்க பாக்கப் போனா மூண்டு பெல்ட்டும் பூட்டுதா எண்டு பூட்டியே பாருங்க.

கிழமைக்கு ஒருக்கா கீழ்ப்பக்கத்தைத் தண்ணி அடிச்சுக் கழுவுறன். கடற்கரைப் பக்கம் இருக்கிற ஆக்கள் கிணத்துத் தண்ணி உப்பெண்டா அதால கழுவாதீங்க, கறளை நாங்களே குடுக்கிற மாதிரிப் போகும், பைப் தண்ணியைப் பிடிச்சு வச்சுக் கழுவுங்க. மாரி தொடங்க முன்னம் பின் கதவு ரப்பர் மாத்தோணும், ஒரு மூலையில தண்ணி இறங்குது. போன ஞாயிறு ஸ்பெயர் சில்லுக் குழியைத் திறந்து துடைச்சு, பாஸைக் கூப்பிட்டு திருப்பியும் அந்த விளிம்பெல்லாம் தட்டச் சொன்னன், முழுக்க டங் எண்டுதான் வந்தது.